தைத்தவர் பெயர்

1246-ஆம் ஆண்டு. போப்பாண்டவர் நான்காம் இன்னசென்ட், இங்கிலாந்துப் பாதிரிமார் சிலரின் அங்கிகளில் இருந்த பொன் ஜரிகைப் பூவேலையைப் பார்த்து அசந்துபோனார். இங்கிலாந்தில் செய்தது என்று தெரிந்ததும், அந்நாட்டு மடத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதித் தமக்கும் அனுப்பச் சொன்னார். லண்டன் வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம், வைத்ததே விலை என்று மத்தேயு பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார்.

'ஓபஸ் ஆங்ளிக்கானம்', அதாவது ஆங்கிலேய வேலைப்பாடு என்று ஐரோப்பாவில் அதற்குப் பெயர். பொன் இழையைத் துணிமேல் கிடத்தி, அடியிலிருந்து லினன் நூலால் ஒவ்வொரு தையலிலும் அதைத் துளி உள்ளே இழுத்துவிடுவார்கள். மேலே தையல் தெரியாது. துணியும் விறைக்காமல் மடியும். குருவானவர் அசையும்போது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பொன்னும் அசைந்து மின்னும்.

இவ்வளவு பாடுபட்டவர் யார் என்றுதான் துணியில் இருக்காது. டர்ஹாமில் புனித கத்பர்ட்டின் கல்லறையை 1827-ல் திறந்தபோது பத்தாம் நூற்றாண்டுப் பட்டுப் பட்டை ஒன்று கிடைத்தது. செய்யச் சொன்ன அரசி எல்ஃபிளெட் பெயரும், பெற்ற ஆயர் பெயரும் அதிலேயே தைக்கப்பட்டிருக்கின்றன. ஊசி பிடித்தவர் பெயர் இல்லை. பிற்கால அங்கிகள் சிலவற்றில் பிரபுக்களின் குலச் சின்னங்கள் வரிசையாக இருக்கும். நம் ஊர் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதுகிற ஆசைதான், வேறென்ன!

தைத்தவர் பெயரைத் தேட வேண்டிய இடம் கணக்குப் புத்தகம். காலமெல்லாம் கணக்குப் பிரிவில் பில் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் தனி சந்தோஷம். மூன்றாம் ஹென்றி மன்னரின் கணக்குகளில் 1239 முதல் சில ஆண்டுகள் மேபல் என்ற அம்மாள் வருகிறார். பூரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர்க்காரர். மன்னருக்காகத் திருப்பலி அங்கி தைத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குக் கொடி தைத்தார். அவருக்குக் கூலி தருமுன், வேலை தெரிந்த ஆண்களையும் பெண்களையும் கொண்டு மதிப்பிடச் சொல்லியிருக்கிறார் மன்னர். ஒரு பெண்ணின் கைவேலைக்கு விலை சொல்லப் பெண்களையும் கூப்பிட்டது பதிமூன்றாம் நூற்றாண்டில் என்பதைக் கவனியுங்கள்.

மேபல் தைத்தது என்று சுட்டிக்காட்ட இன்று ஒரு துண்டுத் துணிகூட இல்லை. ஆனால் 1256-ல் மன்னர் அந்த ஊருக்குப் போனபோது, நெடுநாள் ஊழியம் செய்தவர் என்று அவருக்கு அங்கித் துணியும், உள்ளே வைத்துத் தைக்க முயல் ரோமமும் கொடுக்க உத்தரவிட்டார். அந்த உத்தரவு பத்திரமாக இருக்கிறது.