வெங்கமாம்பாவின் கணவர் பெயர்

திருமலையில் இரவு ஏகாந்த சேவையின்போது அன்னமாசார்யரின் தாலாட்டைப் பாடுவார்கள். தரிகொண்ட வெங்கமாம்பா பெயரில் முத்தியால ஆரத்தி எடுப்பார்கள். அதன் பிறகுதான் நடை சாத்துவார்கள். அந்த ஆரத்திக்கு உரியவர் ஓர் இளம் விதவை. மங்கல காரியத்தில் விதவை எதிரே வரவே கூடாது என்றிருந்த காலத்தவர்.

வெங்கமாம்பா பிறந்தது 1730-இல், பழைய சித்தூர் மாவட்டத்தில் குர்ரம்கொண்டாவுக்கு அருகிலுள்ள தரிகொண்டாவில். சின்ன வயதிலேயே கல்யாணம். மாப்பிள்ளையின் பெயர் வேங்கடாசலபதி என்கிறது மரபு. அவர் சீக்கிரமே காலமானார். வெங்கமாம்பாவோ தலையை மழித்துக்கொள்ளவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. தன் கணவன் வேங்கடாசலபதி, அவனுக்குச் சாவில்லை, ஆகவே தான் சுமங்கலி என்பது அவர் வாதம். இறந்துபோன மனிதரின் பெயரும் ஏழுமலையானின் பெயரும் ஒன்றாக இருந்ததால், ஊரால் அந்த வாதத்தை எளிதில் மறுக்க முடியவில்லை.

சித்தூரில் எங்கள் வீட்டில் ஓர் அத்தைப்பாட்டி இருந்தார். சிறுமியாக இருக்கும்போதே தாலியை இழந்தவர். மழித்த தலை, அதன்மேல் நார்மடி முக்காடு. கல்யாண நாளில் சமையற்கட்டைத் தாண்டி வரமாட்டார். அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வெங்கமாம்பாவின் பொட்டு எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் துணிச்சல் பாட்டிலும் இறங்கியது. குருவிடம் அரிச்சுவடிகூடப் படித்ததில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர் சதகம், துவிபதை, யக்ஷகானம் என்று எழுதிக் குவித்தார். ‘வேங்கடாசல மாஹாத்மியம்’ பாடினார். கோபியரோடு கண்ணன் ஆடும் நீர்விளையாட்டை ‘ஜலக்ரீடா விலாசம்’ ஆக்கினார். விதவை வாய்திறக்கக் கூடாத சிருங்காரம் அது. அதில் பேசுவது கோபிகையா, பாடியவரா? கேட்டால் கோபிகை என்று சொல்லிவிடலாம். மூடி மறைத்துப் பாடினார் என்று நான் நினைக்கவில்லை. கோபிகையின் ஆசையையும் தன் ஆசையையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததால்தான் அவருக்குப் பாட்டு தேவைப்பட்டது.

நமக்கு ஆண்டாள் உடனே நினைவுக்கு வருவாள். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் அவள் திருப்பாவைதான் ஒலிக்கிறது. ஆனால் ஆண்டாள் மணமாகாத பெண்; மாலவனை மணாளனாகக் கேட்டாள். வெங்கமாம்பா, இழந்ததாக ஊர் சொன்ன கணவனை இழக்கவே இல்லை என்று சாதித்தார்.

ஊரின் ஏச்சைப் பின்னே விட்டுத் திருமலை ஏறினார். தும்புரு கோனையில் தனித்திருந்து தவம் செய்தார். 1817-இல் மலையிலேயே மறைந்தார். அவர் சமாதியான பிருந்தாவனம் அங்கேதான் இருக்கிறது. 2011-இல் திறந்த அன்னப்பிரசாதக் கூடத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் அங்கே சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வெங்கமாம்பாவை மகா பக்தை என்று மட்டும் அறிமுகம் செய்வது போதாது. பொட்டை அழிக்கச் சொன்னவர்களுக்குப் பாட்டிலேயே பதில் சொன்ன பெண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.