சைதாப்பேட்டை பாலமும் 1,500 வராகனும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து தொழிற்சாலைகளுக்கு சென்னை நகரத்துக்குள் இருந்து ஷிப்டுக்குப் போகிறவர்களில் பலர் அண்ணா சாலை வழியாக சைதாப்பேட்டையைத் தாண்டிப் போவார்கள். அங்கே அடையாற்றின் மேல் இருப்பது மறைமலை அடிகள் பாலம். கீழே ஓடும் தண்ணீரும் அந்தப் பக்கத்து தண்ணீர்தான்! ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீரும் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிடும் நீரும் சேர்ந்துதான் அடையாறு.

இந்த இடத்தில் முதலில் பாலம் கட்டியது அரசாங்கமும் இல்லை, கிழக்கிந்திய கம்பெனியும் இல்லை. வெளிநாட்டில் இருந்து பிழைக்க வந்த ஒரு வியாபாரி, தன் சொந்தப் பணத்தில் கட்டினார். அவர் பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்.

உஸ்கான் ஒரு ஆர்மீனியர். அவருடைய முன்னோர்கள் பாரசீகத்துக்குத் தாங்களாக விரும்பிப் போனவர்கள் அல்ல. 1604-05ல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா என்ற ஊரில் இருந்த ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துக் கொண்டுபோய் இஸ்பஹான் நகருக்குப் பக்கத்தில் குடியேற்றினார். அதுதான் புதிய ஜுல்ஃபா. அங்கிருந்து கிளம்பிய ஆர்மீனிய வியாபாரிகள் மணிலா வரைக்கும் கடை விரித்தார்கள். 1688ல் கிழக்கிந்திய கம்பெனி அவர்களோடு ஒரு ஒப்பந்தமே போட்டது. கம்பெனியின் ஊர்களில் ஆங்கிலேயர்களுக்கு உள்ள வியாபார உரிமைகள் ஆர்மீனியர்களுக்கும் உண்டு, ஓர் ஊரில் 40 ஆர்மீனியர்கள் சேர்ந்துவிட்டால் கம்பெனியே சர்ச் கட்டித் தரும் என்றெல்லாம் அதில் இருந்தது.

அப்படி மணிலா வியாபாரத்தில் சம்பாதித்து, 1720களின் தொடக்கத்தில் சென்னையில் வந்து தங்கியவர் உஸ்கான். அன்றைக்கு ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்த மணிலாவில் ஆங்கிலேயர்கள் நேரடியாக வியாபாரம் செய்ய முடியாது. அதனால் ஆர்மீனியர்கள் பெயரில் கப்பல் போகும். உஸ்கானுக்கு செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். (ஆர்மீனியர்களின் தெருவுக்கு நம் ஊர் வாய் வைத்த பெயர் அரண்மனைக்காரன் தெரு. பாரிமுனையில் இன்றும் இருக்கிறது!)

கோட்டையில் இருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் குறுக்கிடுவது அடையாறு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அக்கரைக்குப் போக முடியாது. 1726ல் உஸ்கான் அங்கே பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று பெயர் (மாம்பலம் என்பதுதான் வெள்ளைக்காரர் வாயில் மர்மலாங் ஆனது என்பார்கள்). செலவு 30,000 வராகன். பரங்கிமலை உச்சியில் உள்ள தேவாலயத்துக்கு ஏறுகிறவர்களுக்காக சுமார் 160 கல் படிகளையும் அவரே கட்டிக் கொடுத்தார்.

இதுவரைக்கும் படித்தால் "பணக்காரர், தர்மம் செய்தார்" என்ற வழக்கமான கதைதான். ஆனால் காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இதில் இருக்கிறது. பாலத்தைப் பராமரிப்பதற்கு என்று தனியாக 1,500 வராகனை உஸ்கான் ஒதுக்கி வைத்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 வராகன் மூலதனச் செலவு, அதில் 5 சதவீதம் பராமரிப்பு நிதி. கட்டி முடித்த அன்றைக்கே, "இது ஒரு நாள் பழுதாகும், அப்போது யார் பணம் கொடுப்பார்கள்?" என்ற கேள்வியையும் கேட்டு, பதிலையும் வைத்துவிட்டார். பாலத்தின் பெயரைப் போடுவதற்கு ஒரு கல் போதும். பாலம் நிற்பதற்கு நிதி வேண்டும். அவர் இரண்டையும் செய்தார்.

அவருக்கு நல்ல காலம் மட்டும் இருக்கவில்லை. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவருடைய சொத்து அவர்கள் கைக்குப் போனது. புதுச்சேரிக்கு வந்துவிட்டால் திருப்பித் தருகிறோம் என்று சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை, டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் தங்கினார் என்கிறது வரலாறு. 1749ல் சென்னை ஆங்கிலேயர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 1751 ஜனவரியில் உஸ்கான் இறந்தார். இதயத்தை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். உடல் வேப்பேரியில், அவரே கட்டிய சிற்றாலயத்தின் வளாகத்தில் அடக்கமானது.

அந்த சிற்றாலயம் என்ன ஆனது? கத்தோலிக்க பாதிரியாரின் பொறுப்பில் இருந்ததை கம்பெனி எடுத்துக்கொண்டு, 1752ல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டது. ஊருக்கு இவ்வளவு செய்தவர் கண்ணை மூடி இரண்டே வருடம்தான்! அவர் கல்லறை இப்போது புனித மத்தியாஸ் ஆலய வளாகத்தில் இருக்கிறது.

பாலம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 1966ல் புதிய பாலம் வரும் வரை, அந்த இடத்தில் 240 வருடம் சேவை. அவ்வளவு காலமும் அந்த 1,500 வராகனே காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. பின்னால் வந்த அரசாங்கங்களும் செலவு செய்தாக வேண்டும். ஆனால் பராமரிப்பும் தர்மத்தில் சேர்த்தி என்று முதலில் எழுதி வைத்தது அவர்தான். பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் மொழிகளில் அவர் வைத்த கல்வெட்டுகள் பழைய பாலம் போன பிறகும் சைதாப்பேட்டை சாலையோரத்தில் மிஞ்சின.

இப்போது மறுபடி ஒரகடத்துக்கு வருவோம். 1990களின் கடைசியில் இருந்து கொரியா, ஜப்பான், ஜெர்மனி என்று பல நாட்டுக் கம்பெனிகள் இந்தப் பகுதிக்கு வந்திருக்கின்றன. இவர்களும் உஸ்கான் மாதிரி கடல் கடந்து வந்த வியாபாரிகள்தான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்கு செலவிட வேண்டும். பள்ளிக்கூட வகுப்பறை, ஏரி தூர்வாருவது, குடிநீர் இயந்திரம் என்று இந்தப் பணம் கிராமங்களுக்குப் போகலாம்.

ஆனால் ஒரு விஷயம். 2021 ஜனவரியில் விதிகளைத் திருத்திய பிறகு, ஒரு அமைப்பின் மூலநிதிக்குக் கொடுக்கும் பணம் இந்த 2 சதவீதக் கணக்கில் சேராது. பணத்தை எங்கேயோ கொண்டுபோய் முடக்கி வைத்துவிட்டு செலவு என்று காட்டுவதைத் தடுக்க இது உதவும், நியாயம்தான். ஆனால் அதே விதிப்படி பார்த்தால், உஸ்கானின் 30,000 வராகன் கணக்கில் வரும், 1,500 வராகன் வராது!

பராமரிப்புக்கு வருடா வருடம் செலவு செய்ய எந்தத் தடையும் இல்லை. கம்பெனி நினைத்தால் செய்யலாம். ஆனால் நினைக்க வேண்டும். குடிநீர் இயந்திரத்தைத் திறந்து வைக்கும் அன்று போட்டோ எடுப்பார்கள். நான்காவது வருடம் அதற்கு ஃபில்டர் மாற்றும்போது யார் வந்து போட்டோ எடுக்கப் போகிறார்கள்?

கல்வெட்டில் பெயர் பொறிப்பது எந்தக் காலத்திலும் சுலபம். அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு புதிய கட்டிடத்தில் "அன்பளிப்பு" என்ற பலகையைப் பார்த்தால், உள்ளே போய் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால், அங்கே யாரோ ஒருவர் 1,500 வராகனைப் பற்றியும் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.