சொடக்கு பாலின் பூர்வீகம்

எங்கள் பண்டசோழநல்லூர்ப் பக்கம் டென்னிஸ் பால் ஆட்டத்தில் சுழற்பந்து மூன்றே வகைதான்: உள்ளே வர்றது, வெளியே போறது, ஒண்ணுமே ஆகாதது. விக்கெட் அதிகம் விழுவது மூன்றாவதில். கூக்ளி, தூஸ்ரா, கேரம் பால் என்ற பெயர்களெல்லாம் டிவி கமெண்டரியில் பிறகு வந்து சேர்பவை. அதற்குள் விரல் அந்த வேலையைப் பழகியிருக்கும்.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் வரலாற்றைப் புரட்டினால், உலகம் முழுக்கவே கதை கிட்டத்தட்ட இப்படித்தான். சுழற்பந்தின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் கோச் முன்னால் நடந்தவை அல்ல. வேறு எதையோ விளையாடிக்கொண்டிருந்தபோது விரலில் தற்செயலாகச் சிக்கியவை.

கூக்ளியை எடுத்துக்கொள்வோம். 1897 வாக்கில் இங்கிலாந்தின் பெர்னார்ட் போசன்கெட் மேசை மேல் ஒரு விளையாட்டு ஆடுவார். டென்னிஸ் பந்தை மேசையில் குத்தி அனுப்ப வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் பிடிக்க முடியக்கூடாது. அவ்வளவுதான் ஆட்டம். லெக் பிரேக் மாதிரியே மணிக்கட்டைச் சுழற்றி, இன்னும் கொஞ்சம் அதிகமாக மடக்கினால் பந்து புறங்கை வழியாக வெளியேறி எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை அங்கே கண்டுபிடித்தார். 1900 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் அதற்கு முதல் பலி, லெஸ்டர்ஷயரின் சாமுவேல் கோ. 98 ரன்னில் ஸ்டம்பிங். பந்து நான்கு முறை தரையில் குதித்துப் போனதாம். நம் ஊரில் என்றால் அம்பயரிடம் பெரிய சண்டையே நடந்திருக்கும்.

போசன்கெட் வித்தையைப் பூட்டி வைக்கவில்லை. மிடில்செக்ஸில் கூட ஆடிய ரெஜி ஷ்வார்ஸ் அதைக் கற்றுக்கொண்டு தென்னாப்பிரிக்கா போனார். அவரிடமிருந்து வோக்லர், ஃபாக்னர், வைட் என்று பரவியது. 1905-06 தொடரில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 4-1 என்று வென்றது. இங்கிலாந்தில் பிறந்த பந்தே இங்கிலாந்தைக் கவிழ்த்தது.

கேரம் பாலின் கதை இன்னும் விசித்திரம். இரண்டாம் உலகப் போரில் நியூ கினியில் இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய் ஜாக் ஐவர்சன், பொழுது போகாமல் பிங்பாங் பந்தைக் கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையில் வைத்துச் சுண்டிப் பழகினார். போர் முடிந்ததும் அதே பிடியில் கிரிக்கெட் பந்து. 1950-51 ஆஷஸில் 35 வயதில் அறிமுகமாகி ஐந்து டெஸ்டில் 21 விக்கெட். சிட்னியில் 27 ரன்னுக்கு 6. அந்த ஒரு தொடரோடு அவரது டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. ஆனால் அவரது பிடியைப் பத்திரிகைப் படத்தில் பார்த்த ஜான் க்ளீசன், தானே முயன்று கற்று 29 டெஸ்டில் 93 விக்கெட் எடுத்தார். குருவை நேரில் பார்க்காத சீடர். ஏகலைவன்தான், கட்டைவிரல் மட்டும் தப்பித்தது.

அடுத்து இலங்கை ராணுவத்திலிருந்து அஜந்தா மெண்டிஸ் வந்தார். 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டம், கராச்சி: இந்தியாவுக்கு எதிராக 13 ரன்னுக்கு 6. தொடர்ந்து வந்த முதல் டெஸ்ட் தொடரில் மூன்று ஆட்டத்தில் 26. பிறகு வீடியோவை ஸ்லோமோஷனில் ஓட்டி எல்லோரும் விரலைப் படித்துவிட்டார்கள். மீதி 16 டெஸ்டில் அவருக்குக் கிடைத்தது 44 விக்கெட். என் தொழிலில் சொல்வதானால், பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது. ரகசியத்தை மட்டுமே நம்பி நிற்கும் எதுவும் ரகசியம் உடைந்த அன்றே பாதி காலி.

இதே பந்து நம் பக்கம் வேறு பெயரில் ஏற்கனவே இருந்தது: சொடக்கு பால். சென்னையின் டென்னிஸ் பால் ஆட்டத்தில் ஒருவர் போடுவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டதாக அஸ்வினே சொல்லியிருக்கிறார். சாதாரண டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம், கிரிக்கெட் பந்து 160 கிராமை ஒட்டி. தெருவில் சுண்டிய விரல் மைதானத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையைச் சுண்ட வேண்டும். விரல் வலிக்காமல் வராது. ஆனால் அஸ்வினின் 537 டெஸ்ட் விக்கெட்டுக்குச் சொடக்கு மட்டுமே காரணம் இல்லை. அவருடைய அன்றாடச் சோறு ஆஃப் பிரேக்; சொடக்கு ஊறுகாய். ஊறுகாயை மட்டும் வைத்துப் பந்தி நடத்த முடியாது என்பதுதான் மெண்டிஸுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தூஸ்ராவின் முடிவு வேறு மாதிரி. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தார். 136 ரன்னில் இருந்த சச்சின் அவர் பந்தைத் தூக்கி அடித்து அவுட்டானார். 12 ரன்னில் இந்தியா தோற்றது. அழுதுகொண்டே எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கை தட்டியது சென்னைக் கூட்டம். கண்டியின் முத்தையா முரளிதரனும் தூஸ்ராவைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 2004இல் அது புகாராகி, முழங்கை மடிப்பை ஆய்வகத்தில் அளந்தார்கள். 2005இல் ஐசிசி எல்லோருக்கும் 15 டிகிரி வரம்பு வைத்தது. நம் ஊரில் இதற்கு ஆய்வகம் தேவையில்லை, 'மாங்கா போடுறான்டா' என்ற ஒரு சத்தம் போதும். 2014இல் சயீத் அஜ்மல் தடை செய்யப்பட்ட பிறகு, தூஸ்ராவைக் கற்றுக்கொள்ளத் துணிபவர்கள் அரிதாகிவிட்டார்கள். பதினைந்தே வருடத்தில் ஒரு வித்தை கண்முன்னே அருகிப்போனது.

இதில் புதுச்சேரிக்கு என்ன இருக்கிறது? 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் இது. அவர்கள் விட்டுப்போன பந்து பெத்தாங்கின் இரும்புக் குண்டு. இன்றும் உருட்டுகிறார்கள். கிரிக்கெட்டில் புதுச்சேரி என்ற பெயரில் ஒரு அணி ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 2018-19இல்தான். அதுவரை அறுப்பு முடிந்த வயலில் எவ்வளவு பிரமாதமாகச் சொடக்குப் போட்டாலும், அடுத்த படி சொந்த ஊரின் பெயரில் இல்லை. வித்தை இருந்தது, வாசல் இல்லை. இப்போது வாசல் இருக்கிறது. வயலிலிருந்து அதுவரை போகும் வழியைத்தான் இன்னும் போட்டாக வேண்டும்: லெதர் பந்து, மேட் விரித்த பிட்ச், அந்த விரலைக் கவனிக்கத் தெரிந்த ஒரு கண்.

ஆஸ்திரேலியாவில் கூக்ளிக்கு 'போஸி' என்று போசன்கெட்டின் பெயரே நிலைத்துவிட்டது. சொடக்கு பாலுக்கு அப்படி ஆள் பெயர் எதுவும் இல்லை. நம்மில் எவனோ, ஏதோ ஒரு தெருவில், சுண்டிப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் நின்றவன் பார்த்திருக்கிறான். அந்தப் பார்வையில்தான் இந்தக் கல்வி முழுக்க ஓடிவந்திருக்கிறது.