பெயருக்கு ஒரு பேரேடு, எண்ணுக்கு ஒரு பேரேடு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற மூத்த நேயர்களுக்குச் செக்ரோல் மறந்திருக்காது. லயத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். ஆனாலும் கிராணியின் புத்தகத்தில் பெயர் ஏறினால்தான் அன்றைய கூலி. இணையத்தின் கதையும் அப்படி ஒரு புத்தகத்தில்தான் தொடங்கியது.

1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபீன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கோப்பை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே கிராணி என்றால் எப்படி இருக்கும்? வலையமைப்பு வளர வளர அந்த முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அதுவே இன்றைய டிஎன்எஸ். அவரவர் பகுதிப் பேரேட்டை அவரவர் 'நேம் சர்வர்' வைத்துக்கொள்ளும். மலேசியாவுக்குரிய 'டாட் மை' 1987 ஜூன் 8ஆம் தேதி உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

இது தபால் போகும் வழிதான். லயம், தோட்டம், லாபு, நெகிரி செம்பிலான், மலேசியா என்று எழுதிய முகவரியை அஞ்சல்காரர்கள் கடைசி வரியிலிருந்து படிப்பார்கள். இணையப் பெயரையும் வலக் கோடியிலிருந்துதான் தேட வேண்டும். எண்ணிலோ பெரிய பகுதி முதலில் வருகிறது. அதனால் எண்ணைக் கொண்டு பெயரைத் தேடும்போது 192.0.2.10 என்பதை 10.2.0.192 என்று திருப்பிப் போட்டு, பின்னால் 'இன்-ஆடர் டாட் ஆர்ப்பா' என்று சேர்க்கிறார்கள். இதுதான் தலைகீழ்ப் பதிவு.

இரண்டு பதிவுகளும் ஒன்றாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். லாபு, நீலாய் வட்டாரத்தில் 1990களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிக்கு அந்தப் பெயரில் கடிதம் போட்டால் போய்ச் சேரும். ஆனால் பழைய லயம் இருந்த நிலத்தைக் காட்டிப் பெயர் கேட்டால், வீடமைப்பின் பெயரைத்தான் சொல்வார்கள். பெயரை வைத்திருப்பவர் வேறு, நிலத்தை வைத்திருப்பவர் வேறு.

இணையத்திலும் 'டாட் மை' பெயரின் தலைமைப் பேரேடு மைநிக் நிறுவனத்திடம் இருக்கிறது. எண்களை ஆசிய பசிபிக் வட்டாரத்திற்குப் பங்கிடுவது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள ஏப்நிக். அங்கிருந்து அவை இணையச் சேவை நிறுவனங்களுக்கு வருகின்றன. ஒரு தமிழ்ப்பள்ளியோ தோட்டத்துக் கோயில் நிர்வாகமோ சொந்தப் பெயரில் மின்னஞ்சல் கணினி அமைக்கலாம். ஆனால் அதன் எண்ணுக்குத் தலைகீழ்ப் பதிவு இல்லாவிட்டால், குப்பை அஞ்சலுக்கு அஞ்சும் மறுமுனைக் கணினிகள் பல அதன் கடிதத்தை வாங்க மறுத்துவிடும். பழைய மாணவருக்கு அனுப்பிய விழா அழைப்பு வாசலோடு திரும்பிவிடும். பெயர் வாங்கிய இடத்தில் எத்தனை முறை முறையிட்டாலும் பயனில்லை. எண்ணைக் கொடுத்த சேவை நிறுவனத்திடம்தான் அந்தப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.