குறுக்கெழுத்துப் புதிர்: ஜி.கே. குறைவாக இருந்தாலும் கட்டங்களை நிரப்புவது எப்படி?

நாளிதழில் குறுக்கெழுத்துப் புதிரைப் பார்த்ததும் பலர் முதல் குறிப்பைப் படிப்பார்கள். விடை தெரியாது. இரண்டாவதும் தெரியாது. 'நமக்கு அவ்வளவு ஜி.கே. கிடையாதுப்பா' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

ஆனால் பொது அறிவுக் குறுக்கெழுத்து என்பது வினாடி வினா அல்ல. வினாடி வினாவில் கேள்வி மட்டும்தான் இருக்கும். இங்கே கேள்வியோடு சேர்த்து மூன்று தகவல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. விடையில் எத்தனை எழுத்து? எந்த விடை அதை வெட்டிச் செல்கிறது? எந்தக் கட்டத்தில் வெட்டுகிறது? இந்த மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்தால், பாதிக் குறிப்புகளுக்கு விடை தெரியாதவர்கூட முழுப் புதிரையும் முடிக்க வாய்ப்பு இருக்கிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்தப் புதிர்?

இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர் ஆர்தர் வின். அவர் உருவாக்கிய புதிர் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று வெளியானது. வைர வடிவத்தில் இருந்த அதைத்தான் இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கம் என்கிறார்கள். 1924-ல் முதல் புதிர்த் தொகுப்புப் புத்தகம் வந்தபோது அமெரிக்காவில் அது பெரிய மோகமாகவே மாறியது. அந்த மோகத்தைக் கிண்டல் செய்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழே 1942-ல் சொந்தமாகப் புதிர் வெளியிடத் தொடங்கியது.

ஒரு சின்னப் புதிரைப் போட்டுப் பார்ப்போமா?

நான்கே குறிப்புகள். அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

இடமிருந்து வலம்
1. காவிரியின் குறுக்கே கரிகாலன் கட்டியது (4)
3. லோக்டாக் ஏரி இருக்கும் மாநிலம் (5)

மேலிருந்து கீழ்
1. விவேகானந்தர் நினைவுப் பாறை உள்ள ஊர் (7)
2. தேம்ஸ் நதிக்கரையில் உள்ள தலைநகரம் (4)

இதில் 1 இடமிருந்து வலம், 1 மேலிருந்து கீழ் இரண்டும் ஒரே கட்டத்தில் தொடங்குகின்றன. 2 மேலிருந்து கீழ், 1 இடமிருந்து வலத்தின் மூன்றாவது கட்டத்தில் தொடங்குகிறது. 3 இடமிருந்து வலம், 1 மேலிருந்து கீழின் ஆறாவது கட்டத்தில் தொடங்குகிறது.

முதல் விடை எளிது: கல்லணை. க-ல்-ல-ணை, நான்கு கட்டம் சரி. கீழே இறங்கும் விடை 'க'வில் தொடங்கி ஏழு எழுத்து வர வேண்டும்: கன்னியாகுமரி. கல்லணையின் மூன்றாவது எழுத்தான 'ல'வில் தொடங்கும் தலைநகரம் லண்டன். இதுவரை பள்ளிப் பாடம்தான்.

இப்போது லோக்டாக் ஏரி. பலருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். கன்னியாகுமரியின் ஆறாவது எழுத்து 'ம'. அதாவது, 'ம'வில் தொடங்கும் ஐந்தெழுத்து மாநிலம் வேண்டும். இந்தியாவின் 28 மாநிலங்களில் 'ம'வில் தொடங்குபவை மூன்று: மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், மணிப்பூர். மகாராஷ்டிராவுக்கு ஆறு கட்டம் வேண்டும், மத்தியப் பிரதேசத்துக்குப் பத்து. ம-ணி-ப்-பூ-ர் மட்டும்தான் ஐந்து. விடை மணிப்பூர்.

ஏரியைப் பற்றி எதுவுமே தெரியாமல் விடையைப் பிடித்தாச்சு. லோக்டாக் ஏரி மணிப்பூரில் இருக்கிறது என்ற தகவலும் கூடவே கிடைத்துவிட்டது.

தமிழில் ஓர் எழுத்து கிடைத்தால் ஏன் இவ்வளவு லாபம்?

ஆங்கிலத்தில் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் இந்திய மாநிலங்கள் ஐந்து. தமிழில் மிசோரம் 'மி'யில் தொடங்குகிறது, மேகாலயா 'மே'யில். அவை தாமாகவே விலகிவிடும்.

காரணம் எழுத்துகளின் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. இதுபோக ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளும் உண்டு. ஆகவே தமிழில் ஒரு கட்டம் நிரம்பினால், அது ஆங்கிலக் கட்டத்தைவிட அதிகமான தகவலைத் தருகிறது. வெட்டும் விடைகளைப் பிடித்துக்கொண்டு போவது தமிழில் அதிகம் பலன் தரும் வழி.

எழுத்தே தெரியாமல் துப்பு கிடைக்குமா?

கிடைக்கும். இதற்குப் பள்ளியில் படித்த இலக்கணமே போதும்.

* உயிரெழுத்து பொதுவாகச் சொல்லின் முதலில்தான் வரும், நடுவில் வராது. மெய்யெழுத்து பொதுவாகச் சொல்லின் முதலில் வராது.

* ஆகவே ஒரு கட்டம் ஒரு விடைக்கு முதல் எழுத்தாகவும் இன்னொரு விடைக்கு நடு எழுத்தாகவும் இருந்தால், அங்கே உயிரும் வராது, மெய்யும் வராது. உயிர்மெய்தான் வரும். மேலே உள்ள மணிப்பூர் கட்டம் அப்படிப்பட்டதுதான். கன்னியாகுமரி தெரியாவிட்டாலும் அசாம், அருணாச்சலப் பிரதேசம், ஆந்திரா, இமாச்சலப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், ஒடிசா ஆகிய ஏழு மாநிலங்களை அங்கே யோசிக்கவே வேண்டியதில்லை.

* மெய்யெழுத்து ஒன்று கிடைத்தால், அடுத்த கட்டமும் பாதி தெரிந்த மாதிரி. 'ங்' வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. 'ஞ்' வந்தால் ச வரிசை. 'ந்' வந்தால் த வரிசை. 'ப்' வந்தால் ப வரிசை. 247-ல் ஒன்று என்பது 12-ல் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

உதாரணமாக, 'சாங்கி விமான நிலையம் உள்ள நாடு (6)' என்ற குறிப்புக்கு இரண்டாவது கட்டம் 'ங்', நான்காவது 'ப்', ஆறாவது 'ர்' என்று கிடைத்திருக்கிறது. மூன்றாவது க வரிசை, ஐந்தாவது ப வரிசை என்று வைத்துப் பார்த்தாலே சிங்கப்பூர் கண்ணில் பட்டுவிடும்.

விதிவிலக்குகள் உண்டு. ஸ்பெயின், ஸ்டான்லி போன்ற பெயர்கள் மெய்யில் தொடங்குகின்றன. சக்தி, பக்தி போன்ற சொற்களில் 'க்'குக்குப் பிறகு 'தி' வருகிறது. பொது அறிவுப் புதிரில் வெளிநாட்டுப் பெயர்கள் நிறைய வரும் என்பதால், இந்த விதிகளைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

ராமனா, இராமனா?

பொது அறிவு இருந்தும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. '1930-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற இந்தியர்' என்று கேட்டால் சி.வி. ராமன் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் ராமன் என்றால் மூன்று கட்டம், இராமன் என்றால் நான்கு. லண்டன் நான்கு, இலண்டன் ஐந்து. சந்திரசேகர் ஏழு, சந்திரசேகரன் எட்டு.

விடை சரிதான் என்று உறுதியாகத் தெரிந்தும் கட்டம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, விடையை அழிப்பதற்கு முன் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். முன்னால் 'இ' சேர்ப்பது, கடைசியில் 'ன்' அல்லது 'ம்' சேர்ப்பது, ஹரியானாவை அரியானா என்று எழுதுவது, ஊரின் சுருக்கப் பெயரை முழுப் பெயராக்குவது ஆகியவைதான் அடிக்கடி வரும் மாற்றங்கள். 'ஸ்ரீ' என்பது பொதுவாக ஒரே கட்டத்தில் எழுதப்படும்.

விடையே தெரியாவிட்டாலும் கடைசி எழுத்தை ஊகிக்கலாம். ஆண் பெயர் என்றால் பெரும்பாலும் 'ன்' அல்லது 'ர்'. துறை, தத்துவம், கோட்பாடு என்றால் 'ம்' வர வாய்ப்பு அதிகம். பென்சிலில் லேசாக எழுதி வையுங்கள்.

திசையையும் கவனிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. ஆங்கிலப் புதிர்களில் வழக்கமாக இரண்டு திசைகள்தான். தமிழ் இதழ்களின் புதிர்கள் பலவற்றில் நான்கு திசைகள் இருக்கும்: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். வலமிருந்து இடம் என்றால் விடையின் முதல் எழுத்து வலது ஓரத்தில் வரும். மேலே சொன்ன 'முதல் எழுத்து' விதிகளைக் கட்டத்தின் இடது ஓரத்துக்குப் பொருத்தாமல், விடை தொடங்கும் முனைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

புதிர் எந்த வருஷத்தது?

பழைய புதிர்த் தொகுப்புகளை எடுத்துப் போடுபவர்கள், குறிப்பாகப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், இதை முதலில் பார்க்க வேண்டும். பொது அறிவு மாறிக்கொண்டே இருக்கிறது. பம்பாய் 1995-ல் மும்பை ஆனது. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. பாண்டிச்சேரி 2006-ல் புதுச்சேரி ஆனது. அதே ஆண்டில் புளூட்டோ கோள் என்ற தகுதியை இழந்தது. ஒரிசா 2011-ல் ஒடிசா ஆனது. பழைய புதிரின் விடை அன்றைக்குச் சரி. இன்றைய தேர்வில் தவறாகிவிடலாம்.

கூகுளில் தேடினால் ஏமாற்று வேலையா?

பரிசுப் போட்டி இல்லையென்றால், அது உங்கள் விருப்பம். ஆனால் எப்போது தேடுகிறீர்கள் என்பது முக்கியம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

குறுக்கெழுத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். 'நாக்கு நுனியில் இருக்கு, வரமாட்டேங்குது' என்று தவிக்கும் அந்த நேரம் வீண் இல்லை. முதலில் எல்லாக் குறிப்புகளையும் ஒரு சுற்று முயலுங்கள். வெட்டும் எழுத்துகளை வைத்து இரண்டாவது சுற்று வாருங்கள். அதற்குப் பிறகும் சிக்கியதை மட்டும் தேடுங்கள். தேடும்போது விடையை மட்டும் எடுத்துக்கொண்டு வராமல், கூடவே இரண்டு வரி படியுங்கள்.

திறமையா, அதிர்ஷ்டமா? உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி

இந்தியாவில் ஒரு காலத்தில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் பணம் புரளும் தொழிலாக இருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்த 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகும் போட்டிகளை அது தடை செய்தது. போட்டி நடத்தியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 'ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கு' எனப்படும் அந்த வழக்கில் 1957 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு வந்தது. அதிர்ஷ்டத்தை நம்பிய, சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்கு மட்டுமே அந்தச் சட்டம் பொருந்தும், கணிசமான அளவு திறமையை நம்பியவற்றுக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். ஆன்லைன் ரம்மி வழக்குகளில் இன்றும் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

குறுக்கெழுத்தில் அதிர்ஷ்டம் எங்கே வருகிறது? குறிப்பில்தான். 'கோடையில் தேவைப்படுவது (2)' என்று ஒரு குறிப்பு இருந்தால் மோர், நீர், குடை மூன்றும் பொருந்தும். கடைசி எழுத்து 'ர்' என்று கிடைத்தாலும் மோரா நீரா என்பது அமைப்பாளரின் மனதில் இருப்பது. அங்கே உங்கள் அறிவுக்கு வேலை இல்லை. 'லோக்டாக் ஏரி இருக்கும் மாநிலம்' என்றால் ஒரே விடைதான். நல்ல பொது அறிவுப் புதிரின் அடையாளம் இதுதான்: குறிப்பும் வெட்டும் எழுத்துகளும் சேர்ந்து ஒரே விடையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டு விடை பொருந்தும் குறிப்பை வைத்துக்கொண்டு நுழைவுக் கட்டணம் கேட்கும் போட்டி என்றால், தள்ளி நிற்பது நல்லது.

மறதி நோய் வராமல் தடுக்குமா?

'தினமும் போட்டால் மூளை துருப்பிடிக்காது' என்று சொல்பவர்கள் உண்டு. 2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். லேசான நினைவாற்றல் குறைபாடு உள்ள 107 பேரில் ஒரு பிரிவினர் கணினியில் குறுக்கெழுத்துப் புதிர்களைப் போட்டார்கள், இன்னொரு பிரிவினர் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விளையாடினார்கள். 78 வாரங்கள் கழித்து, குறுக்கெழுத்துப் பிரிவினர் ஓரளவு மேலான நிலையில் இருந்தார்கள்.

நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் பங்கேற்றவர்கள் குறைவு. எந்தப் பயிற்சியும் செய்யாத பிரிவு ஒன்றும் ஒப்பீட்டுக்கு இல்லை. எனவே குறுக்கெழுத்து மறதி நோயைத் தடுக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வீட்டில் பெரியவர்களுக்கு மறதி அதிகமானால் புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

முதல்முறை போடுபவர்கள் என்ன செய்யலாம்?

* 1-ஆம் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தெரிந்த துறையில் தொடங்குங்கள். சினிமா, கிரிக்கெட், ஊர்ப் பெயர் எதுவானாலும் சரி.
* நீளமான விடைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஏழெழுத்து விடை ஒன்று விழுந்தால் மூன்று நான்கு விடைகளுக்கு எழுத்து கிடைக்கும்.
* உறுதியில்லாத விடையைப் பென்சிலில் எழுதுங்கள். வெட்டும் விடைகள் இரண்டு பொருந்தவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.
* சிக்கிக்கொண்டால் புதிரை வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். திரும்பி வரும்போது சில விடைகள் தாமாகவே வந்து நிற்கும்.
* வீட்டில் சேர்ந்து போடுங்கள். தாத்தாவுக்குப் பழைய படங்களும் பேத்திக்குப் புதிய நாடுகளின் பெயர்களும் தெரிந்திருக்கும். இருவருக்கும் தெரியாத விடையை வெட்டும் எழுத்துகள் பார்த்துக்கொள்ளும்.