தாது வருஷமும் வேடந்தாங்கல் ஏரியும்

வேடந்தாங்கல் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பறவைகள்தான். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகாத பிள்ளைகள் குறைவு. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் என்று ஒரு பட்டியல் எழுதி, ஐந்து மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கு அந்த ஊர் முடிந்து போயிருக்கும். ஆனால் அந்த ஏரிக்குப் பின்னால் மழை, பசி, நோய் என்று இன்னொரு வரலாறு இருக்கிறது. பருவநிலை மாற்றம் மனித உடலை என்ன செய்யும் என்று இன்று பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்களே, அதற்கு செங்கல்பட்டுச் சீமை சுமார் 150 வருடம் முன்பே ஒரு பதில் சொல்லிவிட்டது.

முதலில் ஏரி. வேடந்தாங்கல் ஏரி ஒன்றும் பெரிய ஏரி இல்லை, சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீரே உரத் தண்ணீராகிவிடும். அதை வயலுக்குப் பாய்ச்சினால் விளைச்சல் நன்றாக இருக்கும். இந்தக் கணக்கு ஊர்க்காரர்களுக்கு எந்த வேளாண் கல்லூரியும் சொல்லாமலே தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது அவர்கள் நேராகக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைத் தொடக் கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858ல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936ல் சரணாலயம் என்ற அங்கீகாரம் வந்தது.

(மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே ஒரு துரை, கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைப் பார்த்தார் என்று? அவரும் இதே பிளேஸ்தான்! கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு கலெக்டரின் பெயர் இரண்டு ஏரிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதிலிருந்தே இந்த மாவட்டத்துக்கு ஏரி என்றால் என்ன என்று தெரியும்.)

செங்கல்பட்டில் வற்றாத ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலும் மணலாறு. வடகிழக்குப் பருவமழையின் சில வாரத் தண்ணீரை ஏரியில் பிடித்து வைத்து மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். ஏரி என்பது அந்தக் காலத்துச் சேமிப்புக் கணக்கு. ஆனால் வங்கியில் போடவே பணம் இல்லாவிட்டால் கணக்குப் புத்தகம் இருந்து என்ன பயன்?

1876ல் அதுதான் நடந்தது. தமிழ் வருஷக் கணக்கில் அது தாது வருஷம். சென்னை மாகாணத்தில் முதலில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. பிறகு வடகிழக்கும் கைவிட்டது. மறு வருடமும் தென்மேற்கு சரியாகப் பெய்யவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிச் சொல்லி, பிறகு கும்மிப் பாட்டாகவே ஆகிப்போன பஞ்சம் இதுதான். இந்தியா முழுவதும் 55 லட்சம் முதல் 1 கோடி பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பீடுகள் உண்டு. சென்னை மாகாணத்தில் 1871 கணக்கெடுப்பில் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1881ல் சுமார் 3 கோடியே 8 லட்சம் ஆனது. பத்து வருடத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் குறைந்திருக்கிறது.

மழை இல்லாததால் நேரடியாகச் செத்தவர் எத்தனை பேர்? கிட்டத்தட்ட யாருமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்! மழை பொய்த்ததும் விளைச்சல் போகிறது, விலை ஏறுகிறது, கூலி வேலை நின்றுபோகிறது. அரைப்பட்டினி கிடக்கும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி கரைகிறது. குளம் வற்றி, இருக்கும் கொஞ்சத் தண்ணீரை மனிதனும் மாடும் பங்கு போடும்போது காலரா வருகிறது. 1877ல் சென்னை மாகாணத்தில் காலராவுக்கு மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அந்த வருடக் கடைசியில் ஒருவழியாக மழை வந்ததே, அப்போதாவது விட்டதா? தேங்கிய தண்ணீரில் கொசு பெருகி மலேரியாக் காய்ச்சல் வந்தது. நோஞ்சானாகிப் போயிருந்த ஜனங்கள் அதில் மடிந்தார்கள். அரசாங்கப் பதிவேட்டில் இவர்களில் பெரும்பாலோர் காய்ச்சல், பேதி, காலரா என்ற தலைப்புகளின் கீழ்தான் இருக்கிறார்கள். பஞ்சம் என்ற தலைப்பில் இருப்பவர்கள் கொஞ்சம்.

இதில் அரசாங்கத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி 1ல் டெல்லியில் விக்டோரியா மகாராணிக்குப் பேரரசிப் பட்டம் சூட்டும் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். சென்னைக்கு அவர் அனுப்பிய ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் 1874ல் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து ஜனங்களைக் காப்பாற்றியவர். அதற்காகவே மேலிடத்தில் திட்டு வாங்கியவர். அந்தச் சூடு மறக்கவில்லை போலும். சென்னையில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும்.

எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்கு இது போதாது, பருப்பும் புரதமும் இல்லாமல் மெல்ல மெல்லச் சாவார்கள், சிறைக் கைதிக்குக்கூட இதைவிட அதிகம் கொடுக்கிறோமே என்று மருத்துவராக நின்று வாதாடினார். கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் அவர் பக்கம் சாய, 1877ல் படி உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான். அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய். மாமல்லபுரம் போகிறவர்கள் வழியில் பார்க்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு துண்டு அது. கால்வாய்க்குக் கவர்னர் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

அப்போது சென்னை மட்டும் காயவில்லை. வட சீனா, பிரேசிலின் வடகிழக்கு, எகிப்து எல்லாம் அதே காலத்தில் காய்ந்தன. 2018ல் தீப்தி சிங் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி பசிபிக் கடல் பல வருடம் குளிர்ந்து கிடந்து, பிறகு 1877ல் மிகப் பெரிய எல் நினோவாகச் சூடேறியது. இந்தியப் பெருங்கடலும் வட அட்லாண்டிக்கும் சேர்ந்து கூட்டணி வைத்துக்கொண்டன. பசிபிக்கில் நடப்பதற்கும் நம் மழைக்கும் உள்ள இந்த முடிச்சை, இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் 1920களில்தான் ஓரளவு அவிழ்த்தார். 1876ல் வானத்தைப் பார்த்த விவசாயிக்குக் கடல் சமாச்சாரம் எப்படித் தெரியும்?

டாக்டர்களுக்கே தெரியாதது நிறைய இருந்தது. அன்றைக்கு ஆங்கில வைத்தியர்கள் பலர் காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். கொசுதான் குற்றவாளி என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் வழி கண்டது 1897ல். காலராவின் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884ல். ஆக, செய்யாத குற்றத்துக்குக் காற்று பழி சுமந்தது.

சரி, இப்போது 2016க்கு வருவோம். அந்த வருடம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. சராசரி 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் சுமார் 168தான். 1876க்குப் பிறகு இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவமழை கிடையாது, 140 வருடத்தில் முதல் முறை! 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. விவசாயிகள் செத்தார்கள், மாடுகள் விலைபோயின. வேடந்தாங்கல் போன்ற ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் பறவைகளும் தங்காது. ஆனால் லட்சக்கணக்கில் மனிதர்கள் சாகவில்லை. வானம் ஏறக்குறைய அதே வானம்தான். நடுவில் ரேஷன் கடை வந்திருந்தது. 2011லிருந்து மாதம் 20 கிலோ வரை இலவச அரிசி, ஆரம்ப சுகாதார நிலையம், பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், குழாய்த் தண்ணீர். டாக்டர் கார்னிஷ் கேட்டதைவிட அதிகம்.

இதனால் நிம்மதியாக இருந்துவிடலாமா என்றால், முடியாது. ரேஷன் கடையில் கொடுக்க முடியாத இரண்டு விஷயங்கள் இப்போது வந்திருக்கின்றன. ஒன்று வெயில். கடலோர வெயிலில் புழுக்கம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது, சிறுநீரகம் வரை பாதிக்கும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது.

இன்னொன்று, அன்று பொய்க் குற்றம் சாட்டப்பட்ட அதே காற்று. இந்த முறை நிஜமான குற்றவாளி. வண்டிப் புகை, அனல்மின் நிலையம், எரிகிற குப்பை இவற்றிலிருந்து வரும் 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் அடி வரை போய் ரத்தத்தில் கலக்கின்றன. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம் என்று அது கடைசியில் எங்கெங்கோ போய் நிற்கிறது. ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. இந்தியா 2009ல் வைத்த வரம்பு 40. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு, சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி பிரபலம். அங்கேயும் பறவைகள் சத்தத்துக்குப் பயப்படும் என்பதற்காகத்தான். மனிதனின் நுரையீரலுக்காக விட்டுக்கொடுத்த ஊர் எது?

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது, அதிலிருந்து பஞ்ச விதிகள் பிறந்தன. எப்போது நிவாரணம் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வந்தது அப்போதுதான். அதே மாதிரி 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆக, வெயிலுக்கு இப்போது ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது. புகையில் மூச்சு முட்டி இறப்பவரின் சான்றிதழில் இன்னும் ஆஸ்துமா என்றோ மாரடைப்பு என்றோதான் எழுதுகிறார்கள், 1877ல் பசியால் இறந்தவர் பெயருக்கு நேரே காய்ச்சல் என்று எழுதினார்களே, அது போல.