ஜேக்கப்புக்கு வராத பாக்கி

ஹைதராபாத்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் எதுவா இருந்தாலும், முதல் வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது அபிட்ஸ் போயிருக்கும். பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம், ஞாயித்துக்கிழமை நடைபாதையில பழைய புத்தகம், தீபாவளித் துணின்னு ஏதாவது ஒரு காரணம். அபிட்ஸ்ங்கறது ஒரு ஆளோட பேர். ஆல்பர்ட் அபிட், ஆர்மீனியர். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானுக்கு அந்தரங்க உதவியாளர். அவர் கடை வெச்சிருந்த இடம்தான் இன்னிக்கு அபிட்ஸ். பில் அனுப்பிட்டு பணத்துக்காக மாசக் கணக்கா காத்துக் கிடக்கிற எங்களை மாதிரி ஃப்ரீலான்ஸ் டிசைனர்களுக்கும் இந்த அபிட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

1891. சிம்லாவுல அலெக்சாண்டர் மால்கம் ஜேக்கப்னு ஒரு நகை வியாபாரி இருந்தார். துருக்கிப் பேரரசுல பிறந்து, சின்ன வயசுல பம்பாய் வந்து இறங்கி, தன் சாமர்த்தியத்துல மேல வந்தவர். ராஜாக்கள், வைஸ்ராய் வட்டாரம்னு எல்லா இடத்துலயும் செல்வாக்கு. மந்திரம் மாயம் தெரிஞ்சவர்னு வேற பேச்சு. கிப்ளிங் 1901-ல எழுதின 'கிம்' நாவல்ல வர்ற லர்கன் சாகிப் இவரை வெச்சு உருவான பாத்திரம்தான்னு சொல்வாங்க.

அப்ப லண்டன்ல ஒரு பெரிய தென்னாப்பிரிக்க வைரம் விலைக்கு இருந்தது. 184.75 காரட். இப்ப இருக்கிற கோஹினூர் 105 காரட் சொச்சம்தான், கணக்குப் பார்த்துக்குங்க. ஜேக்கப் அபிட் மூலமா நிஜாமை அணுகினார். வைரத்தோட கண்ணாடி மாதிரியைக் காட்டினார். பேரம் 46 லட்சம் ரூபாய்க்குப் படிஞ்சது. பாதி, அதாவது 23 லட்சம், முன்பணமா பேங்க்ல கட்டியாச்சு. ஜேக்கப் லண்டன்ல இருந்து வைரத்தை வரவழைச்சார்.

ஒண்ணு கவனிச்சீங்களா? மாதிரியைக் காட்டி, விலை பேசி, ஐம்பது சதவீத அட்வான்ஸ் வாங்கிட்டு வேலையைத் தொடங்குறது. எங்க தொழில்ல புதுசா வர்ற பசங்களுக்கு மூத்தவங்க சொல்லிக் கொடுக்கிற பாடம் அதேதான். ஜேக்கப் அந்த வகையில எந்தக் குறையும் வைக்கல.

வைரம் ஹைதராபாத் வந்தது. நிஜாம் கையில வாங்கிப் பார்த்தார். 'நா பசந்த்'. பிடிக்கல, அவ்வளவுதான்.

இதுக்குப் பின்னால ரசனை மட்டும் இல்லை. சமஸ்தானத்தோட கஜானா அப்ப நல்ல நிலைமையில இல்லை. இந்த நேரத்துல 46 லட்சத்துக்கு ஒரு கல்லான்னு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் தரப்புல இருந்து நெருக்கடி. நிஜாமுக்கு இருபத்தஞ்சு வயசு. நேரா 'பணம் இல்லை, மேல இருந்து திட்டு விழுது'ன்னு ஒரு மன்னர் சொல்ல முடியுமா? பிடிக்கலைன்னு சொல்றது கௌரவமான வழி. 'பார்ட்னருக்குப் பிடிக்கலை, பட்ஜெட் ஹோல்டுல இருக்கு'ன்னு இப்ப சொல்றாங்களே, அதோட ராஜ வம்சத்து மூதாதை :-)

சண்டை எங்க வந்ததுன்னா, அந்த 23 லட்சம் எதுக்குக் கொடுத்ததுன்னுதான். வைரம் பிடிச்சா மட்டுமே விலையில சேர வேண்டிய டெபாசிட்னு நிஜாம் தரப்பு சொன்னது. வாங்க ஒப்புக்கிட்டதுக்கான முன்பணம்னு ஜேக்கப் தரப்பு சொன்னது. ஜேக்கப் அந்தப் பணத்தை வெச்சுத்தான் வைரத்தையே வாங்கியிருந்தார். திருப்பிக் கொடுன்னா எங்க போவார்? விஷயம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துல மோசடி, நம்பிக்கைத் துரோகம்னு கிரிமினல் வழக்காவே ஆயிடுச்சு. மன்னர் கூண்டுல ஏறுறதா? ஹைதராபாத்திலேயே ஒரு கமிஷன் உட்கார்ந்து அவரோட சாட்சியத்தைப் பதிவு பண்ணிச்சு. லண்டன் பத்திரிகைகள் வரைக்கும் இது செய்தி. 1891 டிசம்பர்ல ஜூரி ஜேக்கப்பை விடுதலை பண்ணிச்சு.

ஜெயிச்சார். ஆனா பணம்? வைரம் கடைசியில நிஜாம்கிட்டயே தங்கிடுச்சு, பேசின 46 லட்சம் ஜேக்கப்புக்கு முழுசா வந்து சேரல. வக்கீல் செலவு ஒரு பக்கம். இப்படி ஒரு வழக்குல பேர் அடிபட்ட வியாபாரிகிட்ட மத்த ராஜாக்கள் எப்படி வருவாங்க? பாக்கிக்கு நிஜாம் மேல சிவில் வழக்குப் போடலாம்னா அதுக்கும் சட்டத்துல ஒரு பூட்டு. 1882-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தோட 433-வது பிரிவுப்படி, அரசாங்கத்தோட சம்மதம் இல்லாம ஒரு சமஸ்தான மன்னர் மேல வழக்குத் தொடர முடியாது. ஒரு மார்வாடியோ ஒரு தையல்காரரோ ராஜாகிட்ட ஏமாந்தா என்ன கதின்னு யோசிச்சுப் பாருங்க. ஜேக்கப் 1921-ல பம்பாய்ல வறுமையில செத்துப்போனார்.

வைரத்தோட கதை வேற. மஹபூப் அலி கான் 1911-ல இறந்த பிறகு, அவரோட பழைய செருப்பு ஒண்ணுக்குள்ள துணி சுத்தி வெச்சிருந்த அந்தக் கல்லை மகன் உஸ்மான் அலி கான் கண்டெடுத்து, காகிதத்து மேல வைக்கிற கனமா பயன்படுத்தினார்னு இந்த ஊர்ல இன்னும் சொல்வாங்க. 1995-ல இந்திய அரசு நிஜாமோட நகைகளை 218 கோடி ரூபாய்க்கு வாங்கினப்ப இதுவும் சேர்ந்து வந்தது. இப்ப ரிசர்வ் பேங்க் பெட்டகத்துல இருக்கு. இங்க சாலார் ஜங் மியூசியத்துல 2001-லயும் 2006-லயும் காட்சிக்கு வெச்சாங்க.

ஹைதராபாத் பணம் கொடுக்காம இழுத்தது ஜேக்கப்கிட்ட மட்டும்தானான்னா, இல்லை. அதுக்கு எழுபது வருஷம் முன்னாடி பாமர் கம்பெனி விவகாரம். வில்லியம் பாமர்னு ஒருத்தர். அப்பா ஆங்கிலேய ஜெனரல், அம்மா முகலாய வம்சாவளிப் பெண். நிஜாம் அரசாங்கத்துக்கு அவர் கம்பெனி வருஷத்துக்கு இருபத்தஞ்சு சதவீத அளவு வட்டியில கடன் கொடுத்தது. வாங்கின பணத்துல பெரும் பங்கு எதுக்குப் போச்சு தெரியுமா? ஆங்கிலேய அதிகாரிகள் நடத்தின படைக்குச் சம்பளம் கொடுக்க. கடன் வீங்கிச்சு. 1820-ல ரெசிடெண்டா வந்த சார்லஸ் மெட்காஃப் இதை எதிர்த்து எழுதினார். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவோட வளர்ப்பு உறவுல கல்யாணம் பண்ணின ரம்போல்டு அந்தக் கம்பெனியில பங்குதாரர்ங்கறதால பெரிய நாத்தம். கடைசியில வட சர்க்கார் ஜில்லாக்களுக்காக கிழக்கிந்தியக் கம்பெனி நிஜாமுக்கு வருஷா வருஷம் கட்டவேண்டிய ஏழு லட்சத்தை மொத்தமா ஒரு தொகையா மாத்தி, அதுல இருந்து கடனை அடைச்சாங்க. 1824-ல பாமர் கம்பெனி விழுந்தது. பாமருக்காக நான் அழ மாட்டேன், இருபத்தஞ்சு சதவீத வட்டின்னா அதுவும் ஒரு தொழில்தான்.

அடுத்து கிழக்கிந்தியக் கம்பெனியோட சொந்த பில். அதே படைக்கான பாக்கி ஏறிக்கிட்டே போச்சு. டல்ஹவுசி நோட்டீஸ் விட்டுக்கிட்டு உட்காரல. 1853-ல ஒப்பந்தம் போட்டு, பருத்தி விளையற பேரார் மாகாணத்தோட நிர்வாகத்தையே எடுத்துக்கிட்டார். 1902-ல கர்சன் காலத்துல அது நிரந்தரக் குத்தகை ஆச்சு, வருஷத்துக்கு 25 லட்சம். கையெழுத்துப் போட்டவர் நம்ம மஹபூப் அலி கான்தான். ஒரு மாகாணத்துக்கு வருஷக் குத்தகை 25 லட்சம், ஒரு கல்லுக்கு 46 லட்சம்!

ஒரே அரசாங்கம், ஒரே மாதிரி பாக்கி. படை வெச்சிருந்தவனுக்கு நிலம் கிடைச்சது. கவர்னர் ஜெனரல் வீட்டுச் சம்பந்தம் வெச்சிருந்தவனுக்குப் பாதி வழியாவது கிடைச்சது. நல்ல பொருள் மட்டும் வெச்சிருந்தவனுக்கு கோர்ட்டு வாசல். நம்ம பக்கத்துல ஆர்க்காட்டு நவாப் வாலாஜா கதையும் இதே வரிசைதான், அங்க கடன்காரங்களோட ஆட்கள் லண்டன் பார்லிமெண்ட்டுக்குள்ளயே உட்கார்ந்திருந்தாங்க. 1785-ல எட்மண்ட் பர்க் அதைப் பத்திப் பேசின பேச்சு புகழ் பெற்றது. அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

இப்ப என் காலத்துக்கு வர்றேன். மாதாப்பூர் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்துக்கு லோகோ, பெட்டி அட்டை எல்லாம் வரைஞ்சு கொடுத்தேன். 'பிடிக்கல, வேண்டாம் பிரதர்'னாங்க. மூணு மாசம் கழிச்சு ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆட்டோ முதுகுல என் லோகோ போகுது. கலர் மட்டும் மாத்தியிருந்தாங்க, அதுவும் அசிங்கமா. நா பசந்த்னு சொல்லிட்டு வைரத்தை வெச்சுக்கறது ராஜாக்களோட போயிடல.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஜேக்கப்புக்கு இருந்த பூட்டு நமக்கு இல்லை. 2006-ம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சேவை செய்யறவங்களுக்கும் பொருந்தும். வீட்டு மூலையில ஒரு கம்ப்யூட்டர் வெச்சு வேலை பார்க்கிற டிசைனரும் 'உத்யம்'ல பதிவு பண்ணலாம், ஆன்லைன்ல, இலவசமா. பேசின கெடு எதுவா இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. புகார் கேட்க ஒவ்வொரு மாநிலத்துலயும் மன்றம் இருக்கு. இதோட, கெடுவுக்குள்ள குறு, சிறு தொழிலுக்குப் பணம் கொடுக்காத கம்பெனி, அதைக் கொடுக்கிற வரைக்கும் வருமான வரிக் கணக்குல செலவாக் காட்ட முடியாதுன்னு ஒரு திருத்தம் 2024 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு வந்தது. அக்கவுண்டன்ட்டுக்கு இதைச் சொன்னா முதலாளிக்குச் சொன்னதைவிட வேகமா வேலை நடக்குது, இது என் அனுபவம்.

பதிவை வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. பில் மாட்டிக்கிட்டப்புறம் பண்ணினா, பழைய வேலைக்கு இது செல்லுமான்னு எதிர்த் தரப்பு வக்கீல் வாதாடுவார், கோர்ட்டுலயும் அது பெரிய விவாதமா இருந்திருக்கு. சாதாரண சிவில் வழக்குன்னா பணம் வரவேண்டிய தேதியில இருந்து மூணு வருஷம்தான் கெடு. 'அடுத்த வாரம், அடுத்த வாரம்'னே அதை ஓட்டிடற ஆட்கள் இருக்காங்க. அவங்க ஒவ்வொரு தடவை சொல்றதையும் மெயில்ல எழுதி வாங்கி வெச்சுக்குங்க. பாக்கி இருக்குன்னு கெடுவுக்குள்ள எழுத்துல ஒப்புக்கிட்டா மூணு வருஷக் கணக்கு அங்கேயிருந்து புதுசா ஆரம்பிக்கும்.